மூன்றாம் நம்பர் விளக்கு

இது கதை இல்லை. நடந்தது. என் பெரியம்மா மகளுக்கு நடந்தது.

அக்கா பொய்யே சொல்லமாட்டாள் என்று நான் சத்தியம் செய்யப்போவதில்லை. வயதைக் குறைத்துச் சொல்வாள். வாங்கின செருப்பின் விலையைப் பாதியாக்கி வீட்டுக்காரரிடம் சொல்வாள். அந்த மாதிரிப் பொய்யெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பொய்க்கு ஒரு குணம் உண்டு, சொல்லச் சொல்ல வளரும். இதை நான் அவளிடம் பத்து தடவையாவது கேட்டிருப்பேன். ஒரு வார்த்தை கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

முதலில் அவள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் எதுவும் புரியாது.

எந்த வீட்டில் யார் எந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கம்பெனியில் வேலை. சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, டிவிக்குக் கீழே சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியை மாட்டுவார்கள். பெட்டியின் முகத்தில் வரிசையாகச் சின்ன விளக்குகள். வீட்டில் ஆளுக்கு ஒரு நம்பர். பெரும்பாலும் அப்பா ஒன்று, அம்மா இரண்டு, அப்புறம் பிள்ளைகள். டிவி போட்டதும் விளக்குகள் சிவப்பாக மின்னும். உட்கார்ந்தவர் ரிமோட்டில் தன் நம்பரை அமுக்கினால் அவர் விளக்கு பச்சையாகும். எழுந்து போகும்போது மறுபடி அமுக்கினால் அணையும். வெளியாள் யாராவது வந்திருந்தால் அதற்கென்று 'விருந்தாளி' என்று ஒரு பட்டன். இவ்வளவுதான். இந்தப் பட்டனை அமுக்க மனிதர்களுக்கு என்ன வலி என்று தெரியவில்லை, அமுக்கவே மாட்டார்கள். அவர்களை அமுக்க வைப்பதற்கும், பெட்டி பழுதானால் போய்ப் பார்ப்பதற்கும்தான் அக்காவுக்குச் சம்பளம்.

அந்தச் சமயத்தில் ஒரு பேய் வீட்டுத் தொடர் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. அப்பா செத்த பிறகு வீட்டை விற்க வரும் மூன்று பிள்ளைகள். வீடு அவர்களை விடாது. அதில் பேய் கொஞ்சம்தான், அப்பாதான் அதிகம். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது அவர் அவர்களைப் பின்னறையில் தள்ளித் தாழ் போடுவார். அந்தக் காட்சி வாரத்தில் இரண்டு தடவையாவது வந்துவிடும். தாழ்ப்பாள் விழும் சத்தம்... திரை முழுக்க இருட்டு... அந்த இருட்டில் ஒரு சின்ன மூச்சு. அவ்வளவுதான் காட்டுவார்கள்.

ஊரே அதைத்தான் பேசியது. அக்கா முடி வெட்டப் போன இடத்தில் ஒருத்தி பாதி வெட்டின தலையோடு உட்கார்ந்து அழுதாளாம், "எங்க வீட்டுக்குள்ள எவனோ கேமரா வச்சிருக்கான்" என்று. பேருந்தில் ஒரு பெரியவர், "அப்பான்னா கொஞ்சம் கண்டிப்பாத்தான் இருப்பாரு. இதுல பேய் எங்க வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, யாரும் பதில் சொல்லாததால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப்போனாராம்.

ஆனால் வேடிக்கை அக்காவின் அலுவலகத்தில்தான். சூப்பர்வைசர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"இங்க பாரு. தாழ்ப்பாள் சீன் வருது. ஊர்ல இருக்கிற ஒண்ணாம் நம்பர் எல்லாம் வரிசையா அணையுது. அத்தனை அப்பனுக்கும் ஒரே நேரத்துல தாகம் எடுக்குது."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு வீட்டை மட்டும் விரலால் தொட்டார். மருந்துக்கடைக்காரர் வீடு. எட்டு மாதத்துக்கு முன்னால் அக்காதான் அங்கே பெட்டி மாட்டியிருந்தாள். கணவன், மனைவி, இரண்டே பேர். அந்த வீட்டில் மட்டும் தாழ்ப்பாள் காட்சியில் ஒன்றாம் நம்பர் எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பதிலாக மூன்றாம் நம்பர் எரிந்தது.

அந்த வீட்டில் மூன்றாம் நம்பரே கிடையாது. ஒதுக்காத நம்பரை எத்தனை தடவை அமுக்கினாலும் விளக்கு எரியாது. பெட்டியின் அமைப்பே அப்படி.

"அந்த ஆளே போன் பண்ணிட்டாரு. மூணாம் நம்பர் தானா எரியுது, வந்து சரி பண்ணுங்கன்னு. மூணு தடவை சொல்லிட்டாரு" என்றார் சூப்பர்வைசர். "ரிமோட்டை மாத்திட்டு வா."

மறுநாள் அக்கா போனாள். நடுப்பகல் தாண்டி, வெயில் சாயத் தொடங்கின நேரம். நல்ல வெளிச்சம். தெருவில் ஒருவர் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். பயப்படுவதற்கு அங்கே எதுவுமே இல்லை, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடைக்காரர் வீட்டு முன்கதவுக்கு வெளியே இரும்புக் கம்பிக் கதவு. அக்கா மணியை அடித்தாள். வெகுநேரம் கழித்து அவர் மனைவி வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அவர் இல்ல."

"பெட்டி பாக்க வந்தேன்மா. திறந்தீங்கன்னா பத்து நிமிஷம்தான்."

"சாவி அவர்கிட்ட."

அப்போதுதான் அக்கா பார்த்தாள். பூட்டு வெளிப்பக்கம் தொங்கியது. உள்ளே ஆள் இருக்க, வெளியே பூட்டு. கேட்கலாமா வேண்டாமா என்று அவள் யோசிப்பதற்குள் பின்னால் ஸ்கூட்டர் வந்து நின்றது. மருந்துக்கடைக்காரர் இறங்கினார். மடிப்புக் கலையாத சட்டை, குழைவான பேச்சு. பார்த்தால் நாலு பேர் நம்பி மாத்திரை வாங்கும் முகம்.

"வாங்கம்மா. வெயில்ல நிக்க வச்சுட்டேன். இவளுக்குப் பூட்டத் தெரியாது, திறக்கவும் தெரியாது."

பூட்டைத் திறந்தார். அக்கா உள்ளே போனாள். பின்னால் கம்பிக் கதவு சாத்தும் சத்தம். அவர் கையை வெளியே நீட்டி அதே பூட்டை மறுபடி பூட்டினார். சாவி சட்டைப் பையில் போனது.

"பழக்கம்மா" என்றார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என்ன, பழுது பார்க்கப் போகிற வீடுகளில் எத்தனையோ வினோதங்களைப் பார்த்தவள். ஒரு வீட்டில் நாய்க்கும் நம்பர் கேட்டிருக்கிறார்கள். அவள் பாட்டுக்கு வேலையைத் தொடங்கினாள். கதவு பூட்டியிருக்கிறது, வேலை முடிந்ததும் திறப்பார், போய்விடலாம் என்றுதான் நினைத்தாள்.

ஹால் திரைச்சீலையெல்லாம் மூடி மங்கலாக இருந்தது. சுவரில் பெரிய டிவி. அதன் கீழே பெட்டி. எதிரே சோபா. அவர் அக்காவின் பையை வாங்கி, "இங்க வைங்கம்மா" என்று சோபாவில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பையில்தான் அவள் போன் இருந்தது.

"ரிமோட் எங்க சார்?"

அவர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"எப்பவும் உங்ககிட்டயேவா இருக்கும்?"

"ஆமா. அவ நம்பரையும் நானே அமுக்கிடுவேன். அவ எதுக்கு அதெல்லாம்."

மனைவி சோபாவின் ஓரத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். கால் தரையில் முழுதாகப் படவில்லை. எழுந்து ஓட வசதியாக உட்காருவது போல.

அக்கா ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தாள். தொழில் தெரிந்தவளுக்கு ரிமோட்டைப் பார்த்தாலே வீடு தெரியும். யார் அதிகம் பார்க்கிறாரோ அவர் பட்டன் தேய்ந்திருக்கும். இதில் ஒன்றும் இரண்டும் புதிது மாதிரி இருந்தன. மூன்றாம் பட்டன்... எண்ணே தெரியாமல் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

எட்டு மாதத்தில் ஒரு ரப்பர் பட்டன் அப்படித் தேயாது. எட்டு வருடம் ஆனாலும் தேயாது.

அவள் கொண்டுவந்த புது ரிமோட்டைப் பிரித்துப் பெட்டியோடு இணைத்தாள். பெட்டியைச் சோதனை முறைக்கு மாற்றினாள். அப்படி மாற்றினால் இங்கே எரிகிற விளக்கு அந்த நிமிடமே அலுவலகத் திரையிலும் தெரியும். பிறகு விருந்தாளி பட்டனை அமுக்கித் தன்னைப் பதிந்துகொண்டாள். வேலைக்குப் போகிற ஆள் உள்ளே வந்ததும் அமுக்க வேண்டும், கிளம்பும்போது அணைக்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். மற்றவர்கள் மறப்பார்கள். அக்கா மறக்கமாட்டாள். ஒருமுறை அணைக்க மறந்து, பாதி வழியிலிருந்து திரும்பிப் போய் அணைத்துவிட்டு வந்தவள். அலுவலகத்தில் இதைச் சொல்லி இன்றைக்கும் கேலி செய்வார்கள்.

டிவியைப் போட்டாள். மணி மூன்று. முந்தின நாள் தொடரின் மறுஒளிபரப்பு.

அவர் ஒன்றை அமுக்கினார். மனைவிக்காக இரண்டை அமுக்கினார். பச்சை, பச்சை. விருந்தாளி பச்சை. ரிமோட்டை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப பாருங்கம்மா. அந்த சீன்ல வரும்."

திரையில் அப்பா நடிகர் நடந்துவந்தார். பிள்ளையின் தோளைப் பிடித்தார். மருந்துக்கடைக்காரர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கோபத்தைப் பார்த்தால் அக்கா பயப்படமாட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவள் சோபாவிலிருந்து ஒரு அடி தள்ளி நின்றாள்.

திரையில் கதவு மூடியது.

தாழ்ப்பாள். டக்.

அக்காவின் கையிலிருந்த ரிமோட்டில்... மூன்றாம் பட்டன் உள்ளே அமுங்கியது.

அவள் விரல் அதில் இல்லை. உள்ளங்கையில் ரிமோட் படுத்திருந்தது. பட்டன் மட்டும் மெதுவாகக் குழிந்து, அப்படியே நின்று, மறுபடி எழுந்தது.

பெட்டியில் மூன்றாம் விளக்கு. பச்சை.

சிரிப்பு அவர் முகத்திலிருந்து போய்விட்டது. அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. ரிமோட்டைப் பார்க்கவில்லை. டிவி மாட்டியிருந்த சுவரைப் பார்த்து, மிக மெதுவாக, "சும்மா இரு" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ தட்டியது.

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

இந்த இடத்தில் நானாக இருந்தால் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டியிருப்பேன். நீங்களும் அப்படித்தான். ஆனால் அக்காவுக்கு இருபது வருடத் தொழில் புத்தி. அவள் மூளை உடனே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு ரிமோட் கொடுப்பார்கள், ஒன்று கைவசத்துக்கு, ஒன்று மாற்றுக்கு. மாற்று ரிமோட் பின்னறையில் யார் கையிலோ இருக்கிறது, அவர்கள் விளையாடுகிறார்கள், அலைக்குழப்பத்தில் இந்தப் பட்டனும் துடிக்கிறது. பட்டன் தானாகக் குழிந்ததை நேரில் பார்த்தவள், அதற்கும் ஒரு கணக்குப் போட்டு மனதைச் சமாதானம் செய்துகொண்டாள். அந்தத் தொழிலில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார்கள்.

"சார், பின்னால ரூம்ல யாரு இருக்காங்க? இன்னொரு ரிமோட் அங்க இருக்கும்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு எழுந்தார்.

"வாங்கம்மா. நீங்களே பாத்துக்குங்க."

மனைவி தலையை ஆட்டினாள். வேண்டாம் என்பது போல. ரொம்பச் சின்ன அசைவு. அக்கா அதைப் பார்த்தாள். ஆனால் கையிலிருந்த ரிமோட்டைச் சோபாவில் வைத்துவிட்டு அவள் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

நடைபாதையின் முடிவில் ஒரு கதவு. வெளிப்பக்கம் தடித்த தாழ். அவர் அதை இழுத்துத் திறந்து, ஒதுங்கி நின்று, மரியாதையாக வழிவிட்டார்.

உள்ளே இருட்டு. மருந்து நெடி.

அக்கா ஒரு காலை உள்ளே வைத்தாள்.

முதுகில் ஒரு கை.

பின்னால் கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. அதே நொடியில் ஹாலில் டிவியிலும் மறுபடி தாழ்ப்பாள் விழுந்தது. டக். டக். இரண்டு சத்தமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

கத்தினாள். கதவை அடித்தாள். கை வலித்ததுதான் மிச்சம். ஜன்னல் இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தாள், பலகை அடித்து மூடியிருந்தது. ஒரு கீற்று வெளிச்சம் இல்லை. வெளியே பட்டப்பகல் என்பதை அவளால் நம்பவே முடியவில்லை. தெருவில் வண்டி கழுவுகிற மனிதர் நினைவு வந்தது, அவருக்கு இங்கிருந்து எதுவும் கேட்காது.

வெளியே போக வேண்டும். வேறு எந்த நினைப்பும் இல்லை. வீட்டில் காத்திருக்கும் மகனைக்கூட நினைக்கவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொல்லி அழுதாள். வெளியே போக வேண்டும், அவ்வளவுதான்.

ஹாலில் போன் அடித்தது. அவர் குரல் சுவர் வழியே தெளிவாகக் கேட்டது.

"ஆமா சார். வந்தாங்க... வேலை முடிச்சுட்டு அப்பவே போயிட்டாங்க."

போயிட்டாங்க. அவள் இந்த வீட்டில் இல்லை என்று ஒரே ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். இனி யார் வந்து தேடுவார்கள்?

பின்னால் நகர்ந்தாள். காலில் கட்டில் இடித்தது. அதன் விளிம்பில் உட்கார்ந்தாள்.

யாரோ அவள் இடது கையைப் பிடித்தார்கள்.

மெல்லிய விரல்கள். சூடான கை. இறுக்கமாக இல்லை. பயந்த பிள்ளை பிடிப்பது மாதிரியும் இல்லை. பயந்த பிள்ளையைப் பெரியவர்கள் பிடிப்பார்களே, அந்த மாதிரி.

"சத்தம் போடாதீங்க."

பெண் குரல். காதுக்குப் பக்கத்தில்.

"யாரும்மா நீ?"

"தங்கச்சி தூங்குறா. எழுப்பாதீங்க."

அக்கா வலது கையை நீட்டித் தடவினாள். கட்டிலில் ஒரு கால் தட்டுப்பட்டது. எலும்பும் தோலுமான கால். ஜில்லென்றிருந்தது. ஆனால் உயிர் இருந்தது. மூச்சு மெதுவாக, இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது.

இரண்டு பெண்கள். இருட்டில், இந்த அறையில். எத்தனை காலமாகவோ. அவளுக்குத் தன் பயத்தைவிட அது பெரிதாகப்பட்டது.

"எப்பத் திறப்பாரு?"

"தொடர் முடிஞ்சா தங்கச்சிக்குச் சாப்பாடு தருவாரு. மாத்திரை தருவாரு. உங்களுக்குத் தர மாட்டாரு."

"ஏன்?"

"எனக்கும் தரல."

அக்காவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அந்தக் கை மட்டும் சூடாகவே இருந்தது.

"மூணாம் பட்டனை அமுக்கினது நீதானா? ரிமோட் உன்கிட்ட இருக்கா?"

அந்த விரல்கள் அவள் கையை லேசாக அழுத்தின.

"எத்தனை நாளா கூப்பிடறேன்" என்றது குரல். "இப்பதான் வந்தீங்க."

அப்புறம் அது பேசவில்லை. அக்கா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அறையில் தன் மூச்சு. தூங்குகிற பெண்ணின் மூச்சு.

மூன்றாவது மூச்சு கேட்கவில்லை.

ஹாலில் வேறு சத்தம். ரிமோட் பட்டன். டக்... டக்... டக்... நிற்காமல். நடுவில் அவர் குரல், முதல் முறையாக உயர்ந்து, "அணையுதா பாரு... அணையுதா இல்லையா?"

அங்கே நடந்ததைச் சூப்பர்வைசர் பிறகு சொன்னார். அவர் போன் செய்தது சும்மா விசாரிக்கத்தான். அக்கா போய்விட்டாள் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னதும், "ஆனா விருந்தாளி விளக்கு இன்னும் எரியுதே சார்" என்றாராம். "மறந்துட்டாங்க போல, நான் அணைச்சுடறேன்" என்று மருந்துக்கடைக்காரர் அமுக்கியிருக்கிறார். அணைந்திருக்கிறது. மறு நொடி எரிந்திருக்கிறது. மறுபடி அமுக்கினார். அணைந்தது. எரிந்தது. அலுவலகத் திரையில் அந்த ஒரு விளக்கு இமைப்பது போல அணைந்து அணைந்து எரிந்துகொண்டே இருந்ததாம்.

"நீ அணைக்காம கிளம்பற ஆளே இல்ல" என்றார் சூப்பர்வைசர். "அதான் வண்டியை எடுத்தேன்."

வரும்போதே காவல் நிலையத்துக்கும் சொல்லிவிட்டு, பக்கத்தில் பெட்டி மாட்டிக்கொண்டிருந்த இரண்டு ஆட்களையும் அழைத்துக்கொண்டு வந்தார். வாசலில் அக்காவின் வண்டி நின்றிருந்தது. போய்விட்டவளின் வண்டி. கம்பிக் கதவைத் தட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் எழுந்து வரவே இல்லை. சோபாவில் உட்கார்ந்து பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தார். அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கம்பி வழியாக வெளியே நீட்டியது அவர் மனைவி. சாவி இரண்டு தடவை கீழே விழுந்ததாம்.

தாழ் விலகியது. வெளிச்சம் வந்தது.

அக்காவின் கையை அந்த விரல்கள் விட்டன.

"ரெண்டு பேர்" என்று கத்தினாள் அக்கா. "ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. ரெண்டு பேரையும் தூக்குங்க."

கட்டிலில் ஒருத்திதான் இருந்தாள். இருபது வயதிருக்கும். மயக்கத்தில் கிடந்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னால் பார்த்தார்கள். அந்த அறையில் ஒளிய இடமே இல்லை.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது வேறு ஊரில் படிக்கிறாள், அக்காவை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் அன்றைக்கு மருத்துவமனையில் டாக்டர் சொன்னது, அவள் உடம்பில் இருந்த மாத்திரையின் அளவுக்கு, முந்தின நாளிலிருந்தே அவளுக்கு நினைவிருந்திருக்காது. பேசியிருக்க முடியாது. யார் கையையும் பிடித்திருக்க முடியாது.

மருந்துக்கடைக்காரரைக் கைது செய்த போலீஸ், அந்தப் பெண்ணின் அம்மாவை, அதாவது அவர் மனைவியை, விசாரித்தது.

"எனக்கு ரெண்டு பொண்ணு" என்றாளாம். "மூத்தவ ஓடிப்போயிட்டா. ரெண்டு வருஷமாச்சு. யாரோ ஒருத்தனோட போயிட்டான்னு அவர் சொன்னாரு. நான் ஊருக்குப் போயிருந்தேன், திரும்பி வரும்போது அவ இல்ல. சின்னவளும் ஓடிடுவான்னுதான் உள்ள வச்சாரு. அப்புறம் என்னையும்."

மாற்று ரிமோட் கிடைத்தது. ஹால் அலமாரியில், பிளாஸ்டிக் உறை கிழிக்காமல், அக்கா எட்டு மாதத்துக்கு முன்னால் கொடுத்தபடியே இருந்தது.

அக்கா மட்டும் விடவில்லை. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டே இருந்தாள், அங்கே இன்னொரு பெண் இருந்தாள், என் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று. அதிர்ச்சியில் பிதற்றுகிறாள் என்றார்கள். அவள் வீட்டுக்காரரே சொன்னார். கடைசியில் பொறுமையுள்ள ஒரு காவல்துறை அம்மா அவளை மறுபடி அந்த அறைக்கு அழைத்துப் போய், "எப்படி உக்காந்திருந்தீங்க, காட்டுங்க" என்றார்.

அக்கா கட்டிலின் அதே விளிம்பில் உட்கார்ந்தாள். வலது பக்கம் அந்தப் பெண் படுத்திருந்த இடம். இடது கையை, பிடித்திருந்த மாதிரியே நீட்டினாள்.

கை சுவரில் போய் முட்டியது.

இடது பக்கத்தில் ஆள் உட்கார இடமே இல்லை. கட்டில் சுவரை ஒட்டித்தான் போட்டிருந்தது.

அந்த அம்மா விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் மட்டும் சத்தம் வேறு மாதிரி வந்தது.

இடித்தார்கள். முன்பு அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு சுவர் அலமாரி இருந்திருக்கிறது. செங்கல் வைத்து அடைத்து, பூசி, வண்ணமும் அடித்திருந்தார்கள். மூத்தவள் எங்கேயும் ஓடிப்போகவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே சரிந்து உட்கார்ந்திருந்தாள். பூசின செங்கலின் உள்பக்கத்தில் நகக்கீறல்கள் இருந்தனவாம். அதற்குமேல் அக்கா சொல்லமாட்டாள், நானும் கேட்டதில்லை.

அவள் தலை சாய்ந்திருந்த பக்கத்துச் சுவருக்கு மறுபுறம்தான் ஹால். அங்கேதான் டிவி மாட்டியிருந்தது. அதன் கீழேதான் அக்காவின் பெட்டி. ஒவ்வொரு நாளும் அந்தத் தொடரை அவர்கள் பார்த்தபோது, ஒரு சாண் தூரத்தில் அவளும் இருந்திருக்கிறாள்.

பெட்டியைக் கழற்றி அலுவலகத்தில் பிரித்து, நாள் முழுக்கச் சோதித்தார்கள். சூப்பர்வைசர் மாலையில் அக்காவுக்குப் போன் செய்தார்.

"பெட்டியில எந்தக் கோளாறும் இல்லம்மா" என்றார். "சரியாத்தான் எண்ணியிருக்கு."